ரோஜாவைத் தாங்கும் வேர்



கடந்த மாதம் அச்சங்குளத்திலிருந்து இரண்டு வேன்களில் உதகமண்டலம் சென்று வந்தோம். வர இயலாதவர்கள் பலர், "அங்கே என்ன பார்த்தீர்கள் ஐயா, எங்களுக்கும் எழுதுங்கள்" என்று கேட்டீர்கள். ஆகவே இவ்வாரத் தியானத்தை ஒரு சரித்திரக் கட்டுரையாக எழுதுகிறேன். சற்றே நீண்டுவிட்டது, பொறுமையோடு வாசியுங்கள். இறுதியில் உங்களிடம் நான் கேட்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு.

நாங்கள் அங்கே அதிக நேரம் தங்கியது அரசு ரோஜாப் பூங்காவில். உதகை நகரின் நடுவே, விஜயநகரம் என்னும் பகுதியில், எல்க் குன்றின் சரிவில் அது அமைந்திருக்கிறது. உதகை மலர்க் கண்காட்சியின் நூறாவது நிகழ்வை நினைவுகூர 1995-ஆம் ஆண்டில் தமிழக அரசு இதை உருவாக்கியது. ஏறக்குறைய 10 ஏக்கர் பரப்பு. சரிவை ஐந்து அடுக்குகளாக வெட்டிச் சமன்படுத்தியிருக்கிறார்கள். 2,000-க்கும் மேற்பட்ட ரகங்கள் அங்கே உண்டு. 2006-ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகா நகரில் கூடிய உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்குச் சிறந்த தோட்டத்திற்கான விருதை வழங்கியது. பூங்காவுக்குள் நிலா மாடம் என்றொரு மேடை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் பாத்திகள் வளைவு வளைவாகக் கீழே இறங்குவதும், அவற்றுக்கு அப்பால் உதகை நகரம் மலைகளின் மடியில் கிடப்பதும் தெரியும். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் அந்தக் குளிர்காற்றில் நின்றபோது, வெயிலில் வெடித்துக் கிடக்கும் நம் கரிசல் காடு நினைவுக்கு வராதவர் எங்களில் எவரும் இல்லை.

உள்ளே நுழைந்ததும் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ஐயா, இதிலே சாரோனின் ரோஜா எது?" நல்ல கேள்வி. உன்னதப்பாட்டில் நம் தமிழ் வேதாகமம் சாரோனின் ரோஜா என்று சொல்லும் மலர், நாம் தோட்டத்தில் காணும் ரோஜா அல்ல என்பதே வேத அறிஞர் பலரின் கருத்து. எபிரெய மூலத்தில் உள்ள சொல் கிழங்கிலிருந்து முளைக்கும் ஒரு வயல்மலரைக் குறிக்கலாம் என்கிறார்கள். சாரோன் என்பது மத்தியதரைக் கடலோரச் சமவெளி. மழைக்குப் பின் அங்கே அத்தகைய மலர்கள் தாமே பூக்கும். மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் வாசகர் அறிந்த அழகிய மலரின் பெயரை அதற்கு இட்டார்கள். "அப்படியானால் அதன் சொந்தப் பெயர் போய்விட்டதா ஐயா?" என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வி அன்று முழுதும் என்னோடு வந்தது.

இரண்டாவது கேள்வியைக் கேட்டவர் நம் சபையின் மூத்த தாய் ஒருவர். பல ஆண்டுகளுக்கு முன் பயராபீஸில் நேர்ந்த வெடி விபத்தில் தம் மகனைப் பறிகொடுத்தவர். அவர் பூக்களை அதிகம் பார்க்கவில்லை. பாத்தி ஓரங்களில் நட்டிருந்த பெயர்ப்பலகைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர். பக்கத்தில் வந்த பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அரசியர் பெயர், நடிகையர் பெயர், ஊர்ப் பெயர் என்று ஒவ்வொன்றாக வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "ஐயா, ஒவ்வொரு செடிக்கும் பேரு எழுதி வச்சிருக்காகளே. எம் மவன் பேர எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கா?"

இறையியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படித்தும், இத்தனை ஆண்டுகள் பிரசங்கித்தும், அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிலா மாடத்தின் படிகளில் அமர்ந்தேன். இக்கட்டுரை, அன்று சொல்லாமல் விட்ட பதிலைத் தேடும் முயற்சி.

முதலில் ரோஜாவைப் பற்றியே சொல்லத் தொடங்குகிறேன். இப்பூங்காவில் நாம் வியந்து பார்க்கும் பெரிய பூக்களில் பல, ஹைபிரிட் டீ என்னும் இனத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறையே பூத்தன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், திரும்பத் திரும்பப் பூக்கும் இயல்புடைய சீன ரோஜாக்கள் கப்பல்களில் அங்கே சென்று சேர்ந்தன. இரண்டையும் கலந்து பல தலைமுறைகள் வளர்த்தார்கள். 1867-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கியோ என்னும் தோட்டக்காரர் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவை இவ்வினத்தின் முதல் மலர் என்று கொள்வது வழக்கம்.

ஆனால் இந்த உயர்ந்த ரோஜாக்களைப் பெரும்பாலும் அவற்றின் சொந்த வேரில் வளர விடுவதில்லை. நாற்றுப்பண்ணையில் முதலில் வலுவான நாட்டு ரோஜா ஒன்றின் குச்சியை நட்டு வேர்பிடிக்கச் செய்வார்கள். பிறகு அதன் தண்டின் பட்டையைக் கீறி, பெரிய ரோஜாவின் ஒரேயொரு மொட்டுக் கண்ணை அதற்குள் செருகி இறுகக் கட்டுவார்கள். கண் துளிர்த்ததும் மேலேயுள்ள நாட்டு ரோஜாவை வெட்டிவிடுவார்கள். வேர் மட்டும் மண்ணுக்குள் நிற்கும். மண்ணோடு போராடி, நீரைத் தேடி, நோயைத் தாங்கி மேலே அனுப்புவது அந்த வேர். பூப்பதும் பெயர் பெறுவதும் ஒட்டிய கண். பலகையில் எழுதப்படுவது பூவின் பெயரே. வேரின் பெயரை நாம் கேட்பதும் இல்லை.

குருமனை முற்றத்தில் நான் முன்பு நட்டிருந்த மஞ்சள் ரோஜாவை உங்களில் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள். ஒரு கோடையில் அது மேலே கருகிப் போனது. பிடுங்கி எறியலாம் என்றிருந்தபோது மழை பெய்தது. ஒட்டுக்குக் கீழிருந்து துளிர் கிளம்பி, சிறிய இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாகப் பூத்தன. "என்னய்யா, மஞ்சள் சிவப்பாயிட்டு" என்று சிரித்தீர்கள். நிறம் மாறவில்லை, பிரியமானவர்களே. அதுவரை பெயரின்றித் தாங்கிக்கொண்டிருந்த வேர், அன்றுதான் தன் முகத்தை நமக்குக் காட்டியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு, நிலா மாடத்திலிருந்து கீழே தெரியும் நகரத்தைப் பாருங்கள். உதகையின் சரித்திரத்தை வழிகாட்டிகள் பெரும்பாலும் ஜான் சல்லிவன் என்னும் ஆங்கிலேயரிலிருந்து தொடங்குவார்கள். அவர் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர். 1819-ஆம் ஆண்டு சனவரியில் நீலகிரிமீது ஏறினார். கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் முதல் பங்களாவைக் கட்டினார். சிறுமுகையிலிருந்து மலைக்கு வந்த பாதை 1823-இல் முடிந்தது. உதகையில் அவர் கட்டிய கல் பங்களா இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. ஏரியும் அவர் முயற்சியே. உருளைக்கிழங்கு முதலிய பயிர்களை இம்மலையில் பரவச் செய்தவரும் அவரே என்பார்கள். இவை யாவும் உண்மை. இவை பூவின் கதை.

வேரின் கதை அதற்கு நெடுங்காலம் முந்தியது. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் என்னும் மக்கள் அம்மலையில் வாழ்ந்தார்கள். ஊரின் பெயரே அவர்கள் தந்தது: தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர், அங்கிருந்த ஒரு மந்தின் பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் ஊட்டகமண்ட் ஆகி, நம் நாவில் உதகமண்டலமாகத் திருந்தியது. தாவரவியல் பூங்காவின் மேற்புறத்தில் இன்றும் ஒரு தோடர் மந்து உண்டு. 1901-02-இல் அவர்களிடையே தங்கி ஆய்வு செய்து 1906-இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்ட ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர், அவர்கள் தங்கள் எருமைகளுக்கும் தனித்தனியே பெயரிட்டு அழைப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். குன்றுக்குப் பெயர், ஓடைக்குப் பெயர், எருமைக்குப் பெயர். வந்தவர்கள் அம்மலையை ஆளில்லா வெளியாக எண்ணினார்கள். பெயரில்லாத இடமோ அங்கே அரிது.

கிறிஸ்தவர்களாகிய நாம் அறியவேண்டிய செய்தி ஒன்றும் இங்கே உண்டு. சல்லிவனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1603-ஆம் ஆண்டில், பெனிசியோ என்னும் இயேசு சபைக் குரு மலையாளக் கரையிலிருந்து இம்மலைக்கு ஏறி வந்தார். பழைய கிறிஸ்தவர்கள் சிலர் இங்கே மறைந்து வாழ்கிறார்கள் என்ற பேச்சை நம்பி, அவர்களைத் தேடி வந்தார். அவர் கண்டது தோடர்களை. அவர்களோடு பேசினார், அவர்களைப் பற்றி எழுதி வைத்தார். தம்மவரைத் தேடி வந்த ஒருவர் முன்பின் அறியாத மக்களைச் சந்தித்தார். ஐரோப்பியர் ஒருவர் அவர்களைப் பற்றி எழுதிய மிகப் பழைய சான்று அப்படித்தான் நமக்குக் கிடைத்தது.

நிலத்தின் காரியம் அவ்வளவு மென்மையானதன்று. சல்லிவன் தோடர்களிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கினார். ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆயினும் அவருக்கு நியாயமும் செய்யவேண்டும். இம்மலை தோடர்களுக்கே உரியது என்று கம்பெனி அதிகாரிகளிடம் வாதாடியவரும் அவரே. அந்த வாதம் நிலைபெறவில்லை. தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை மட்டுமே உண்டு, நிலம் அவர்களுடையதன்று என்ற கருத்தே பின்னாளில் மேலோங்கியது. மலை கைமாறியது.

சல்லிவனும் வெறும் வெற்றியாளராக அம்மலையை விட்டுச் செல்லவில்லை. 1838-ஆம் ஆண்டில் அவர் மனைவி ஹென்ரியெட்டாவும் இளம் மகள் ஹாரியட்டும் அங்கேயே மரித்தார்கள். புனித ஸ்டீபன் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணப்பட்டார்கள். அவரோ 1855-இல் இங்கிலாந்தில் மரித்தார். அக்கல்லறைகளின் அருகே சற்று நின்றோம். நம் மூத்த தாயார் தம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய வெள்ளைக்காரப் பெண்ணுக்காக அழுதாரா, தம் மகனுக்காக அழுதாரா என்று நான் கேட்கவில்லை. கல்லில் பெயர் இருந்ததால் யாரென்று அறியாத ஒருவருக்காகவும் அங்கே துக்கிக்க முடிந்தது என்பதை மட்டும் கவனித்தேன்.

அந்த ஆலயத்தின் கதையும் கேட்கத் தக்கது. 1829-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அதற்கு அஸ்திபாரம் இடப்பட்டது. அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் ஸ்டீபன் லஷிங்டன். 1830 நவம்பர் 5-இல் கல்கத்தா பேராயர் டர்னர் அதைப் பிரதிஷ்டை செய்தார். 1831-ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகை முதல் ஆராதனை நடந்து வருகிறது. அதன் பெரிய உத்திரங்களும் மரச்சாமான்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1799-இல் வீழ்ந்த ஓர் அரசனின் வீட்டு மரம், ஜெப வீட்டின் கூரையைத் தாங்கி நிற்கிறது. ஆளுநரின் பெயரும் பேராயரின் பெயரும் நமக்குத் தெரிகின்றன. அந்த உத்திரங்களை மைசூர்ச் சீமையிலிருந்து மலைமேல் ஏற்றியவர்களின் பெயரை அந்த ஆலயத்தில் நான் காணவில்லை.

நம் பக்கத்து மிஷனெரிகளும் இம்மலையோடு தொடர்புடையவர்களே. பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரோடு ஊழியம் செய்த பெர்னார்டு ஷ்மிட் ஐயர், உடல்நலம் குன்றி நீலகிரிக்குச் சென்றார். அங்கே தோடர்களின் மொழியைக் கவனித்தார். மலைச் செடிகளைச் சேகரித்து ஜெர்மனிக்கு அனுப்பினார். யேனா நகரத்துப் பேராசிரியர் சென்கர் அவற்றை 1835 முதல் நூலாக வெளியிட்டார். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த போப் ஐயர் உதகையில் பள்ளி நடத்தியவர். தோடர் மொழிக்கு அவர் எழுதிய சுருக்கமான இலக்கணம் 1873-இல் வெளிவந்தது. இவர்களுக்கு நாம் நன்றியுள்ளவர்கள். அதே வேளையில், ஷ்மிட் ஐயருக்குச் செடி இருக்கும் சோலைக்கு வழி காட்டியவர் யார், போப் ஐயருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் சொன்னவர் யார் என்று கேட்கவும் நாம் பழகவேண்டும்.

ரோஜாவிலும் இதே கதைதான். வெளிநாட்டு ரோஜாக்கள் இம்மலைக்கு வருமுன்பே நீலகிரிக்கும் பழனி மலைக்கும் சொந்தமான காட்டு ரோஜா ஒன்று உண்டு. சோலைகளின் ஓரத்தில் மரங்களைப் பற்றிப் படர்ந்து வெள்ளையாகப் பூக்கும் கொடி அது. 1819-ஆம் ஆண்டில், சல்லிவன் ஏறிய அதே காலத்தில், லெஷெனோ என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயுற்ற உடலோடு இம்மலைக்கு வந்து செடிகளைச் சேகரித்தார். அந்த வெள்ளை ரோஜாவின் அறிவியல் பெயர் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. மலைமக்கள் அதற்கு இட்ட பெயரை எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை கேட்டாளே, "அதன் சொந்தப் பெயர் போய்விட்டதா ஐயா?" என்று. சாரோனுக்கு மட்டும் உரிய கேள்வியன்று அது.

இவ்விடத்தில் உங்களை ரோமாபுரிக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். அங்கும் ஒரு குன்றின்மேல் நகராட்சியின் ரோஜாத் தோட்டம் இருக்கிறது. அவெந்தீன் குன்றின் சரிவு. எதிரே பழைய பந்தய மைதானத்தின் பள்ளமும், அதற்கப்பால் இராயர்களின் அரண்மனைகள் இடிந்து கிடக்கும் பலத்தீன் குன்றும் தெரியும். 1950-ஆம் ஆண்டில் அத்தோட்டம் அங்கே அமைந்தது. அதற்கு முன் அந்நிலம், 1645 முதல் ரோமாபுரி யூதர்களின் கல்லறைத் தோட்டம். பாப்பரசர்களின் ஆணைகளால், நெடுங்காலம் தங்கள் மரித்தோரின்மேல் பெயர் பொறித்த கல் நாட்டவும் யூதர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. 1934-இல் அக்கல்லறைத் தோட்டம் இடம் மாற்றப்பட்டது. யுத்தத்திற்குப் பின் அங்கே ரோஜா நட நகராட்சி விரும்பியபோது, யூத சமூகத்தாரிடம் சம்மதம் கேட்டார்கள். அவர்கள் சம்மதித்தார்கள். அந்த நன்றியின் அடையாளமாக, தோட்டத்தின் நடைபாதைகள் ஆசரிப்புக் கூடாரத்துக் குத்துவிளக்கைப் போல, ஏழு கிளைகளாக அமைக்கப்பட்டன. இந்நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று வாயிலில் ஒரு கல் சொல்கிறது.

எண்ணிப் பாருங்கள். அங்கும் பூக்கள் உண்டு, கூட்டம் உண்டு, படம் எடுப்போர் உண்டு. ஆனால் அங்கே நடப்பவரின் கால்கள், அறிந்தோ அறியாமலோ, மரித்தவர்களின் நினைவின்மேல் வரையப்பட்ட கோடுகளில் நடக்கின்றன. எடுத்த தவறு எல்லாம் அதனால் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பெயரில்லாமல் புதைக்கப்பட்டவர்களுக்கு அவரவர் பெயர் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனாலும் பூவை நட்டவர்கள் வேரை மறைக்கவில்லை.

அதே ரோமாபுரியில் இருந்த விசுவாசிகளுக்குத்தான் பவுல் அப்போஸ்தலன் ஒட்டுச்செடியைப் பற்றி எழுதினார். நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். அவர் பேசுவது ஒலிவ மரம். புறஜாதியாராகிய நாம் அதில் ஒட்டவைக்கப்பட்ட காட்டுக் கிளைகள். இஸ்ரவேலின் வேர் நம்மைத் தாங்குகிறது. கிளை வேரைப் பார்த்துப் பெருமை பேசலாகாது என்பதே அவருடைய எச்சரிப்பு. அந்நகரத்துக் கிறிஸ்தவர்கள் அந்த எச்சரிப்பைப் பல நூற்றாண்டுகள் மறந்தார்கள். வேராகிய மக்களின் கல்லறையில் பெயர் எழுதுவதையும் தடுத்தார்கள். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மறக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ரோமாபுரியைக் குறைசொல்லிவிட்டு நான் எழுந்துபோக முடியாது. இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம்.

1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மழை பொய்த்த இந்தக் கரிசல் பூமியில் அது சோறு போட்டது. பின்பு பட்டாசும் அச்சுத் தொழிலும் கிளைத்தன. இன்று நாட்டின் பட்டாசில் பெரும்பங்கு நம் பகுதியில் செய்யப்படுகிறது. எந்த ஊரிலாவது ஒரு தீபாவளி இரவிலோ, கிறிஸ்துமஸ் இரவிலோ வானத்தில் நெருப்புப் பூக்கள் விரியும்போது, அவற்றுக்கும் பெயர்கள் உண்டு. பெட்டிமேல் வண்ணத்தில் அச்சடித்திருக்கும். மருந்து கலந்தவர், திரி வைத்தவர், தாள் ஒட்டியவர் பெயர் எந்தப் பெட்டியிலும் இருப்பதில்லை. நாம் அந்தப் பூவுக்கு வேராக இருக்கிற ஜனம்.

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, நம் அச்சங்குளத்தில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பத்திரிகைகள் எண்ணிக்கையை எழுதின. நாளுக்கு நாள் அது கூடியது. ஒரு வாரத்திற்குப் பின் அந்த எண்ணும் பத்திரிகைகளிலிருந்து போய்விட்டது.

இப்போது என் குற்றத்தை உங்கள் முன் அறிக்கையிடுகிறேன். அதற்கு அடுத்த ஞாயிறு நம் ஆராதனையில் நான் ஜெபித்தேன். நன்றாகவே ஜெபித்தேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு பெயரையும் சொல்லவில்லை. "விபத்தில் மரித்தவர்களுக்காகவும் அவர்கள் குடும்பங்களுக்காகவும்" என்று ஒரே வாக்கியத்தில் கடந்து, அறிவிப்புகளுக்குப் போய்விட்டேன். பெயர்களைக் கேட்டு எழுதிவர எனக்கு இரண்டு நாள் இருந்தது. நடந்து போகும் தூரம். நான் போகவில்லை. மரித்தவர்கள் பலர் நம் சபையாரல்ல என்ற எண்ணம் என் உள்ளத்தின் ஒரு மூலையில் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நிலா மாடத்துப் படியில் அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்தது: அவர் கேள்வி அரசாங்கத்தை நோக்கியதன்று. ஆலைக்காரரை நோக்கியதும் அன்று. தம் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவன் பெயரை உரக்கச் சொன்ன சபையை நோக்கியது.

ஆகவே, பிரியமானவர்களே, முன்னே சொன்ன காரியத்தை இப்போது கேட்கிறேன். நம் ஆலயத்தில் நற்கருணை மேசையின் அருகே ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை வைத்திருக்கிறேன். நம் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வெடி விபத்தில் மரித்தவர்களின் பெயரையும், ஊரையும், அவர்கள் செய்த வேலையையும் அதில் எழுதுங்கள். எந்த ஆண்டு நேர்ந்ததாயினும் எழுதுங்கள். நம் சபையார் என்றும் பிறர் என்றும், எந்தச் சாமியைக் கும்பிட்டவர் என்றும், எந்தத் தெரு என்றும் பார்க்கவேண்டாம். பிற வீட்டாரின் பெயரானால் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சம்மதம் கேளுங்கள். ரோமாபுரியில் அவர்கள் செய்த நல்ல காரியம் அதுவே. வேண்டாம் என்று சொல்லும் வீட்டாரை வற்புறுத்தாதீர்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். வரும் பிப்ரவரி 12-க்கு அடுத்த ஞாயிறு, அப்பெயர்கள் ஒவ்வொன்றையும் நிறுத்தி வாசிப்போம். எவ்வளவு நேரமாயினும் வாசிப்போம். அன்று பிரசங்கம் வேண்டியதில்லை.

பெயரை வாசிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யலாகாது என்பதும், வெயில் ஏறியபின் மருந்து கலப்பது ஆபத்து என்பதும் நமக்குத் தெரியாத காரியங்களல்ல. தெரிந்தும் வாய் மூடியிருந்த நாட்கள் உண்டு. கூலி போய்விடும் என்ற பயம் உண்மையானது, அதை நான் இகழமாட்டேன். ஆனால் பயப்படுகிற ஒருவருக்காகப் பேச, நிலையான வருமானமுள்ள நானும், ஆசிரியர்களும், அலுவலகங்களில் இருப்பவர்களும் இச்சபையில் இருக்கிறோம். நாமாவது பேசவேண்டும். அந்த நோட்டுப் புத்தகத்தில் அடுத்த ஆண்டு புதிய பெயர் ஏறக்கூடாது என்பதே நம் ஜெபமாகவும் முயற்சியாகவும் இருக்கட்டும்.

வேனில் திரும்பும்போது நம் மூத்த தாயார் மடியில் ஒரு சிறிய ரோஜாக் கன்றை வைத்திருந்தார். மேட்டுப்பாளையம் வழியில் வாங்கியது. "நம்ம மண்ணுல இது வருமா ஐயா?" என்று கேட்டார். "மேலே உள்ளது வாடினாலும் வேர் பிழைக்கும் அம்மா" என்றேன். அதை இப்போது ஆலயத்தின் தெற்குச் சுவரோரம் நட்டிருக்கிறோம். அதன் அருகே நாங்கள் ஒரு பலகை வைத்திருக்கிறோம். அதில் ரோஜாவின் ரகப் பெயர் இல்லை. அவர் மகனின் பெயர் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியிலும் அதே பெயர்.

அடுத்த வரி காலியாக இருக்கிறது. இந்த ஞாயிறு வரும்போது ஒரு பெயரோடு வாருங்கள்.

நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிற ஆண்டவரின் கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஆயர்